அடியில் நீர் தேக்கிய தொட்டி

ஜீவனஹள்ளியில் பயிரிட மண் எங்கே என்று கேட்பவர்க்கு, மாடியில் என்பதே விடை. காக்ஸ் டவுனை அடுத்த இச்சிறு தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. தக்காளிச் செடிக்கு மொட்டை மாடியன்றி வேறு புகலில்லை. தோட்டத் தொழில் இந்நகரில் நம்மவர்க்குப் புதிதுமன்று. தலைமுறை தலைமுறையாகப் பெங்களூரில் காய்கறியும் மலரும் பயிரிட்டு வந்த திகளர், தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோர் வழியினர் என்பர்.

மாடித் தோட்டத்துக்கு இடையூறு இரண்டு. ஒன்று நீர். நம் குழாயில் வரும் காவிரி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொணரப்படுவது. 2024 மார்ச்சில் நீர்ப்பஞ்சம் வாட்டியபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டதை அன்பர்கள் மறந்திரார். மற்றொன்று நமக்கே உரியது. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் செல்லாமல் நம்மால் இருக்க இயலாது. வேலூரோ திருவண்ணாமலையோ சென்று திரும்புவதற்குள் செடி கருகிவிடும். பயிரிடும் ஆசையும் அத்துடன் கருகி, வெறுந்தொட்டி மாடி மூலையில் கவிழ்ந்து கிடக்கும்.

இவ்விரண்டுக்கும் ஓரளவு மருந்தாவது அடியில் நீர் தேக்கிய தொட்டி. கருத்து பழையதே. மண்குடத்தை நிலத்தில் புதைத்து, நீர் நிரப்பி, அதன் கசிவில் பயிர் வளர்க்கும் முறையைக் கி.மு. முதல் நூற்றாண்டுச் சீன உழவு நூலொன்று கூறுகிறது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல், மண்ணின் நுண்துளைகள் அடிநீரை மேலே இழுக்கும். வேர் வேண்டிய அளவே பருகும். மேல்மண் பெரிதும் உலர்ந்திருப்பதால் வெயிலில் ஆவியாவதும் குறைவு.

விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. 20 லிட்டர் வண்ணப்பூச்சு வாளிகள் இரண்டை நன்கு கழுவி, ஒன்றனுள் ஒன்றாக வைக்கவும். இரண்டின் அடிகளுக்கும் இடையே உள்ள வெளியே நீர்த்தேக்கம். உள்வாளியின் அடியில் சிறு துளைகள் பல இட்டு, நடுவே ஒரு தயிர் டப்பா இறங்குமளவு வெட்டி, பக்கமெல்லாம் துளையிட்ட டப்பாவை அதில் தொங்கவிடவும். டப்பாவில் நிரப்பும் மண்ணே திரியாகும். ஓரத்தில் ஒரு குழாய்த் துண்டைச் செருகினால் அதன் வழியே நீர் ஊற்றலாம். வெளிவாளியில், உள்வாளியின் அடிக்குச் சற்றுக் கீழாக ஒரு வடிதுளை இன்றியமையாதது. அஃதில்லையேல் மழை நாளில் வேர் மூச்சின்றி அழுகும். செம்மண்ணை மட்டும் இட்டால் சேறாகி இறுகிவிடும். கழுவிய தென்னைநார்த் தூள் இரு பங்கும் மட்கிய எரு ஒரு பங்கும் கலந்திடுக.

ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். மூடாத குழாய்வாய் கொசுவின் பிறப்பிடம். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய தெளிநீரையே நாடும். முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஏழெட்டு நாள் போதும். 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோய் என அறிவித்ததையும் நினைவிற் கொள்க. குழாய்வாய்க்கு மூடியும், வடிதுளைக்கும் இரு வாளிகளுக்கிடையே உள்ள சந்துக்கும் கொசுவலைத் துணியும் இட்டபின்பே நாற்றை நடவேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றுவோர் மாதம் ஒருமுறை மேலிருந்தும் நீர் விட்டு, மேலே படியும் வெள்ளை உப்பைக் கழுவி வெளியேற்றுக.

ஒருமுறை நிரப்பினால் பத்து நாள் தாங்கும் என்பாரை நம்பற்க. கீரைக்குத் தாங்கலாம். காய்த்து நிற்கும் தக்காளியோ, கடும் வெயிலில் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேலும் குடித்துவிடும். ஆதலின் ஊருக்குப் புறப்படுமுன் தொட்டிகளை நிழலுக்கு நகர்த்தி, நீர் நிரப்பி, பத்து நாளில் இருமுறை வந்து ஊற்றும்படி அடுத்த வீட்டுக் கன்னட அம்மையாரிடம் சொல்லிச் செல்லலாம். நாள்தோறும் வரச்சொல்லக் கூசுவோம். இருமுறை என்றால் கேட்கலாம். திரும்பி வந்ததும் முதற்பறிப்பில் பாதி அவ்வீட்டுக்கு.