ரிவெட்டைத் துளைத்த பிறகு

இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கர் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் கூம்பும் இல்லை, மரப்பெட்டியும் இல்லை. துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே, சில மைக்ரானே தடிமனுள்ள, மின்னேற்றிய பிளாஸ்டிக் சவ்வு. பார்த்தால் குளிர்நாட்டு அறை ஹீட்டர் மாதிரி இருக்கும். மனிதக் குரலில் அது தரும் தெளிவை இன்றைய விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் பலவும் எட்டவில்லை என்பது என் கட்சி.

அன்று, தகடுகளும் சவ்வும் சேர்ந்த பேனல் கெட்டால் ஆலையிலிருந்து வேறு பேனல் வரும், அவ்வளவுதான். ரிவெட் அடித்து மூடியதைத் திறக்கும் வேலை யாருக்கும் இல்லை. துணைக்கு இருந்த குவாட் II வால்வு ஆம்ப்ளிஃபையரும் 15 வாட்தான். பின்னால் வந்த பெரிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களே எமன்: 33 வோல்ட் உச்சத்தைத் தாண்டினால், மேல்சுருதிக்கான நடுப் பேனலில் பொறி பறந்து சவ்வில் ஓட்டை விழும்.

1985-இல் உற்பத்தி நின்றது. இன்று பழுதுபார்ப்பவர்கள் அந்த ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துப் புதுச் சவ்வை இழுத்து ஒட்டுகிறார்கள். அதற்குப் பூசும் பூச்சில்தான் சூட்சுமம். அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தினால் மின்னூட்டம் ஓரிடத்தில் குவிந்து பொறி கிளம்பும். அறவே கடத்தாவிட்டால் சவ்வில் மின்னூட்டம் ஏறாது, சத்தம் மெலியும்.

ஒரு பக்கம் மட்டும் மங்கலாகப் பாடினால், மெழுகில் புதைத்த உயர் மின்னழுத்தப் பகுதியையும் பார்க்க வேண்டும். பாஸ் பேனல்களுக்குச் சுமார் 6,000 வோல்ட், நடுப் பேனலுக்கு 1,500. சாதாரண மீட்டரை வைத்தால் அதுவே மின்னழுத்தத்தை இழுத்துக் குறைத்துப் பொய்க்கணக்கு காட்டும். தனி உயர்மின்னழுத்தப் புரோப் வேண்டும். பிளக்கைப் பிடுங்கியதும் கை வைக்கவும் கூடாது.

தூசி மறைப்புப் படலத்தை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். மின்னேறிய சவ்வு தூசியை இழுக்கும். படலம் கிழிந்தால் புதுச் சவ்வும் வீண்தான்.

இத்தனையையும் மாற்றினால் அது பழைய குவாட்தானா என்று சிலர் கேட்கிறார்கள். சவ்வு விஷயத்தில் அந்தச் சண்டை நடக்கட்டும். அதிக வோல்ட் வந்தால் தடுக்கும் பாதுகாப்புச் சுற்றைச் சேர்ப்பதற்குக்கூட முகம் சுளிப்பவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. 1981-இல் வந்த அடுத்த மாடலான இஎஸ்எல்-63-இல் குவாட் நிறுவனமே அப்படியொரு சுற்றை உள்ளே வைத்துவிட்டது.