நெடுங்கால் ஈ

மழைக்கால மாலையில் விளக்கை நாடிவரும் நெடுங்கால் ஈயைப் பெரும் நுளம்பென மயங்கி நாம் அடித்துக் கொல்கின்றோம். உற்று நோக்கின் உண்மை புலனாகும். குருதி உறிஞ்சும் ஊசிவாய் அதற்கில்லை. நெஞ்சின் மேற்புறத்தே ஆங்கில 'வி' எழுத்தையொத்த வரிப்பள்ளம் ஒன்றுண்டு. அதுவே இக்குடும்பத்தின் அடையாளம். முன்சிறகுகள் இரண்டுமே பறத்தற்குரியன. பின்சிறகுகளோ குமிழ்தலைக் காம்புகளாய்ச் சுருங்கி, பறக்கையில் அதிர்ந்து, உடலின் திருப்பத்தை உணர்ந்து சமநிலை பேணுகின்றன. பகைவன் பற்றிய காலைக் கழற்றிவிட்டு ஈ உயிர் தப்பும். கழன்ற கால் மீண்டும் முளையாது. அமெரிக்க அறிஞர் சாள்ஸ் அலெக்சாண்டர் (1889–1981) இவற்றுள் 11,000க்கு மேற்பட்ட இனங்களை முதன்முதல் விவரித்தார். அவற்றுட் பல இலங்கைக்குரியன. நாம் ஓங்கிய கையைத் தாழ்த்தி நோக்குமிடத்தே உயிர்நூற் கல்வி தொடங்குகின்றது.