மிஞ்சியிருக்கும் காலைக் காப்பாற்ற ஒரு பலூன்

வழக்குத் தவணைக்காக வன்னியிலிருந்து புதுக்கடை நீதிமன்றத்துக்கு வந்திருந்த ஐயா ஒருவருடன் அண்மையில் பேசக் கிடைத்தது. அவருடைய வலது கால் போரில் போய்விட்டது. இப்போது இடது காலின் பெருவிரல் கறுத்திருக்கிறது. பல வருடங்களாக நீரிழிவு. இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் நோ குறைகிறதாம். இந்தக் காலையும் எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் வைத்தியசாலைப் பக்கம் போகவில்லை.

உண்மையில் அந்தத் தாமதம்தான் காலைப் பறிக்கும்.

முழங்காலுக்குக் கீழே மூன்று நாடிகள் பாதத்துக்கு இரத்தம் கொண்டுபோகின்றன. நீரிழிவும் புகைத்தலும் அவற்றை அடைக்கின்றன. படுத்திருக்கும்போதும் பாதத்தில் நோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கறுத்த விரல் ஆகியவை அடைப்பு முற்றியதன் அறிகுறிகள். நீரிழிவு நரம்புகளையும் பாதிப்பதால் சிலருக்கு நோவே தெரியாது.

இந்த அடைப்பைத் திறக்கும் ஒரு வழி அஞ்சியோபிளாஸ்ரி. பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. தொடை இடுக்கை விறைக்கச் செய்து, நாடிக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்துவார்கள். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி அடைப்பைத் தாண்டி, இரண்டு மூன்று மில்லிமீற்றர் பருமனான பலூனை விரிப்பார்கள்.

1964 ஜனவரியில் அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் டொற்றர், காலை எடுக்க மறுத்த 82 வயதுப் பெண்ணின் தொடை நாடியைக் குழாய்களால் விரித்ததே இதன் தொடக்கம். பலூன் பின்னர் வந்தது. அந்த மூதாட்டி தன் காலுடனேயே நடந்தார்.

திறந்த நாடி மீண்டும் ஒடுங்கலாம். ஆனாலும் புண் ஆறும்வரை இரத்தம் ஓடினாலே பலருக்குக் கால் தப்பும். சிலருக்கு பைபாஸ் சத்திரசிகிச்சையே பொருத்தம். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, நல்ல நாளம் உள்ளவர்களுக்கு பைபாஸ் மேல் என்றது. முழங்காலுக்குக் கீழான அடைப்பை ஆராய்ந்த 2023ஆம் ஆண்டு ஆய்வோ, முதலில் பலூன் வழியை நாடியவர்களே கூடுதலாகக் காலோடும் உயிரோடும் இருந்ததாகக் கண்டது. எது உகந்தது என்பதை நாடிகளைப் படமெடுத்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

ஆகவே காலை எடுக்க வேண்டும் என்று சொன்னால், கையொப்பமிடுமுன் கேளுங்கள்: நாடிகளை ஸ்கான் செய்து பார்த்தீர்களா? குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்ப முடியுமா? அத்தகைய பிரிவு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உண்டு. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். சிறுநீரக வருத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்; படமெடுக்க ஏற்றும் மருந்து அதைப் பாதிக்கலாம். ஆனால் புண்ணில் கிருமி பரவி உயிருக்கு ஆபத்தென்றால், காலை எடுப்பதைத் தள்ளிப்போட முடியாது.

ஐயாவிடமும் இதையே சொன்னேன். அடுத்த தவணைவரை பொறுக்க வேண்டாம், இன்றே போய்க் காட்டுங்கள் என்றேன்.