ஐந்து நொடி ஓடிய டோஸ்டர்

பிரிட்டனின் ஆர்கோஸ் கடைகளில் 2009 வாக்கில் ஆக மலிவான டோஸ்டரின் விலை 3 பவுண்டு 94 பென்ஸ். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் முதுகலை வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்த தாமஸ் த்வைட்ஸ் அதில் ஒன்றை வாங்கிக் கழற்றிப் பார்த்தார். நானூறுக்கும் மேற்பட்ட உதிரிகள் விழுந்தன. இரும்பு, செம்பு, நிக்கல், மைக்கா, பிளாஸ்டிக் என்ற ஐந்து பொருள்களை மட்டும் வைத்துக்கொண்டு, தாது தோண்டுவதிலிருந்து தொடங்கி ஒரு டோஸ்டரைத் தன் கையாலேயே செய்துவிடுவது என்று இறங்கினார். அதுதான் அவருடைய பட்ட ப்ராஜெக்ட். இங்கிலாந்தின் பழைய சுரங்கம் ஒன்றிலிருந்து இரும்புத் தாது வந்தது. வேல்ஸின் ஆங்கில்சி தீவில் கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தில் தேங்கிக் கிடந்த அமில நீரிலிருந்து செம்பைப் பிரித்தெடுத்தார். மைக்காவுக்கு ஸ்காட்லாந்து மலைகளுக்குப் போனார். தாதுவை உருக்கக் கட்டிய உலை உருப்படியான இரும்பைத் தராததால், வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து உருக்க நேர்ந்தது. நிக்கலுக்குக் கடைசியில் கனடா நாணயங்களை உருக்கினார். பிளாஸ்டிக்குக்கு உருளைக்கிழங்கு மாவு வரை முயன்றுவிட்டு, குப்பையில் போன பிளாஸ்டிக்கையே உருக்கி வார்த்தார். மொத்தச் செலவு 1,187 பவுண்டு 54 பென்ஸ். மின்சாரம் கொடுத்ததும் சுமார் ஐந்து நொடி சூடாகி, உள்ளிருந்த கம்பி உருகிவிட்டது.

ஒரு துண்டு ரொட்டிகூட வாட்டாத அந்த டோஸ்டரைத் தோல்வி என்று சொல்ல யாருக்கும் நா கூசாது. ஆனால் நான்கு பவுண்டுக்கும் குறைவான விலையில் எத்தனை நாடுகளின் சுரங்கங்களும் எண்ணெய்க் கிணறுகளும் எத்தனை பேருடைய தொழிலறிவும் ஒளிந்துகொள்கின்றன என்பதை அந்த உருக்குலைந்த மஞ்சள் பெட்டி காட்டிய அளவுக்கு எந்தப் பொருளாதாரப் பாடநூலும் காட்டியதில்லை என்பேன். வடிவமைப்பு மாணவர்களின் இறுதியாண்டு வேலைகளைப் பார்க்கும்போதெல்லாம் நாம் எடுத்து நீட்டும் அளவுகோல் ஒன்று உண்டு: இது கடைக்கு வருமா, விற்குமா? அந்த அளவுகோல் பெரும்பாலும் தவறானது. வேறு யாரும் நின்று பார்க்காத ஓர் இடத்தில் அந்த மாணவர் நின்று பார்த்தாரா, பார்த்ததைப் பிறர் சோதித்துச் சரி தவறு சொல்லும் அளவுக்கு நிஜப் பொருளாகச் செய்து வைத்தாரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் 'ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்' என்றதும் நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரி. தலைப்பு, சர்க்யூட், அறிக்கை எல்லாவற்றையும் விலைக்கு முடித்துத் தரும் ப்ராஜெக்ட் சென்டர்கள் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கின்றன. மாணவர் செய்ய வேண்டியது, பைண்டிங் செய்த அறிக்கையோடு போய் வைவாவில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்வதுதான். வடிவமைப்புக் கல்லூரிகளில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே பிரச்சினையையே மாணவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல மாதங்கள் அதோடு கிடக்க வேண்டும். கடைசியில் பொதுமக்கள் வந்து பார்க்கும் கண்காட்சியில் தான் செய்த பொருளுக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். வேலைக்குப் போன பிறகு எந்த வடிவமைப்பாளருக்கும் இந்த வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. அங்கே பிரச்சினை மேலிருந்து வரும். காலக்கெடுவும் கூடவே வரும்.

இந்த வாய்ப்பை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவர்களுள் டெபோரா ஆட்லரை முதலில் சொல்ல வேண்டும். 2002-இல் நியூயார்க் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் முதுகலை மாணவி. அவருடைய பாட்டி ஹெலன், தாத்தா ஹெர்மனுக்கு உரிய மாத்திரையைத் தவறுதலாக விழுங்கிவிட்டார். அமெரிக்காவில் மருந்துக் கடைக்காரர் மாத்திரைகளை எண்ணி, ஆரஞ்சு நிற உருளைக் குப்பியில் போட்டு, லேபிள் ஒட்டித் தருவார். இருவர் குப்பியும் ஒரே மாதிரி. பெயரின் முதல் எழுத்தும் குடும்பப் பெயரும் ஒன்றே. பாட்டியின் கவனக்குறைவு என்று முடித்திருக்கலாம். ஆட்லர் குப்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். லேபிளில் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது கடையின் பெயர். என்ன மருந்து, எத்தனை, எப்போது என்பவை சிறிய எழுத்தில் எங்கோ இருந்தன. குப்பி உருண்டையாக இருப்பதால் ஒரு வாக்கியத்தைப் படித்து முடிக்கவே அதைத் திருப்ப வேண்டும். அவர் தட்டையான முகம் கொண்ட குப்பியை வரைந்தார். மருந்தின் பெயரையும் சாப்பிடும் முறையையும் மேலே ஏற்றிக் கோடு போட்டார். கடை விவரங்களைக் கோட்டுக்குக் கீழே தள்ளினார். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற வளையம் என்ற யோசனையும் இதில் சேர்ந்தது. வரைவைத் தொழிற்சாலையில் வார்க்கத் தக்க வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் கிளாவுஸ் ரோஸ்பர்க் என்ற தொழில்துறை வடிவமைப்பாளர். மூடி கீழே இருக்க, தலைகீழாக நிற்கும் சிவப்புக் குப்பியாக அது 2005-இல் டார்கெட் கடைகளின் மருந்துப் பிரிவில் கிளியர்ஆர்எக்ஸ் என்ற பெயரில் வந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் அதைக் காட்சிக்கு வைத்தது.

இந்தக் குப்பியை அப்படியே தமிழ்நாட்டில் இறக்கினால் ஒரு பயனும் இல்லை. இங்கே மாத்திரை அட்டையில் வருகிறது. நான்கு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் நான்கு வெட்டித் தருகிறார்கள். பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்ட மறுபாதியில் கடையிலேயே தங்கிவிடலாம். சின்னக் காகித உறையில் 1-0-1 என்று எழுதியிருப்பதுதான் நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகும் மொத்தத் தகவல். குப்பி இங்கே உதவாது என்றாலும் ஆட்லரின் அணுகுமுறை உதவும்: இதைக் கையில் வைத்துப் படிக்கப்போகிறவர் யார், எந்த வெளிச்சத்தில், எதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்? ஒரு நல்ல மாணவர் வேலையிலிருந்து நாடு விட்டு நாடு போகக்கூடியது இவ்வளவுதான். இதுவே பெரிய விஷயம்.

இதற்கு முதல் மறுப்பு எளிதாக வரும். ஆட்லர் விதிவிலக்கு, கண்காட்சியில் கைதட்டு வாங்கும் பொருள்களில் மிகச் சிலவே கடைக்கு வருகின்றன, மற்றவை புகைப்படமாகி மறைகின்றன. உண்மைதான். ஆனால் கடைக்கு வந்தவற்றின் கதையையும் முழுதாகப் படித்துப் பார்த்தால், சந்தை எவ்வளவு விசித்திரமான நீதிபதி என்று தெரியும். கிளியர்ஆர்எக்ஸ் பத்தாண்டு நன்றாகவே ஓடியது. 2015-இல் டார்கெட் தன் மருந்து வியாபாரத்தை சிவிஎஸ் நிறுவனத்துக்கு 1.9 பில்லியன் டாலருக்கு விற்றது. சிவப்புக் குப்பி நின்று, பழைய மாதிரிக் குப்பியே திரும்பி வந்தது. வாடிக்கையாளர்கள் புகார்மேல் புகார் எழுதினார்கள். குப்பியில் ஒரு பிழையும் புதிதாக முளைத்துவிடவில்லை. முதலாளி மாறினார், அவ்வளவுதான். பிறகு 2017-இல் சிவிஎஸ் அதே ஆட்லரைக் கூட்டிவந்து மருந்து அட்டவணையை மறுவடிவம் செய்தது தனி வேடிக்கை.

ஸ்வீடனின் ஹோவ்டிங் இன்னும் சிக்கலான கதை. 2005 ஜனவரியில் அங்கே 15 வயதுக்குட்பட்டோர் சைக்கிளில் போகும்போது ஹெல்மெட் அணிய வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரியவர்களுக்கும் அது நீளுமா என்று ஊரே விவாதித்துக்கொண்டிருந்தபோது, லுண்ட் பல்கலைக்கழக மாணவிகள் அன்னா ஹாப்ட், தெரேசே ஆல்ஸ்டின் இருவரும் வேறொரு பக்கமாக யோசித்தார்கள். தலைமுடி கலைகிறது, பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக மக்கள் ஹெல்மெட்டைத் தவிர்க்கிறார்கள் என்றால், அந்தக் கூச்சத்தைத் திட்டாமல் அதற்கு ஏற்ற ஹெல்மெட் செய்யக் கூடாதா? கழுத்தில் பட்டைபோல மாட்டிக்கொள்ளும் காற்றுப்பை அது. விழுகிறோம் என்பதை உணர்கருவிகள் கண்டதும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் தலையைச் சுற்றி விரியும். ஆய்வேட்டிலிருந்து கடைக்கு வர 6 ஆண்டு ஆனது. 2016-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் தலைப்பொம்மையை உயரத்திலிருந்து போட்டுச் சோதித்தபோது, சாதாரண நுரை ஹெல்மெட்டைவிட இது அதிர்ச்சியை ஆறு மடங்கு வரை குறைத்தது. ஆனால் விரிந்தால்தானே? சில சமயம் விரியாமல் போகிறது என்ற புகார்களின் பேரில் ஸ்வீடன் நுகர்வோர் அமைப்பு 2023 டிசம்பரில் விற்பனைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அதே மாதம் நிறுவனம் திவாலானது. இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? விற்பனைக் கணக்கைப் பார்த்தால் ஒரு பதில், சோதனைக்கூடத்தைப் பார்த்தால் ஒரு பதில், கடைசிக் காலாண்டைப் பார்த்தால் வேறு பதில். ஒரு மாணவ வேலையை இப்படி ஆண்டுக்கு ஆண்டு தீர்ப்பு மாற்றும் நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கண்காட்சிக்கு ஏற்ற கதையும் கண்ணைக் கவரும் வடிவமும் இருந்துவிட்டால், உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில்கூட வேலை செய்யாத ஒன்று தீர்வாகக் கொண்டாடப்பட்டுவிடும் என்பது. இதற்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு மைன் கஃபோன். காபூலில் பிறந்து நெதர்லாந்துக்குப் போன மசூத் ஹசானி, 2011-இல் ஐந்தோவன் டிசைன் அகாடமியில் செய்தது. நடுவில் ஒரு கோளம், அதிலிருந்து எல்லாப் பக்கமும் நீளும் மூங்கில் கழிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் வட்டமான பிளாஸ்டிக் பாதம். காற்று தள்ள இது உருண்டுகொண்டே போகும். கண்ணிவெடியை மிதித்தால் வெடிக்கும். ஒன்றிரண்டு கால் போனாலும் மீதியோடு உருளும். போன தடம் ஜிபிஎஸ்ஸில் பதிவாகும். சிறுவயதில் காற்றில் ஓடவிட்ட விளையாட்டுப் பொருள்கள் கண்ணிவெடி நிலத்துக்குள் போய் மீளாமல் கிடந்த நினைவுதான் மூலம். இதைவிட மனதைத் தொடும் கதை எங்கே கிடைக்கும்? உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

கண்ணிவெடி அகற்றும் துறையில் இருப்பவர்கள் தலையை ஆட்டினார்கள், மறுப்பாக. காற்று வரிசை பார்த்து வீசுவதில்லை. மேடு பள்ளம், புதர், ஈரமண் உள்ள இடத்தில் உருண்டை நின்றுவிடும். முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ இந்த வேலை நடப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: நிலத்தைக் கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு சாண் விடாமல் தேடி முடித்த பிறகே ஒரு குடும்பத்தை அங்கே குடியேறச் சொல்ல முடியும். நூறில் தொண்ணூறு வெடித்து பத்து மிஞ்சிய வயல், ஒன்றுமே அகற்றாத வயலைவிட ஆபத்தானது. ஏனென்றால் அதற்குள் மக்கள் நம்பி நடப்பார்கள். இந்த விமர்சனம் முழுக்கச் சரி. கண்ணிவெடி அகற்றும் கருவி என்று பார்த்தால் மைன் கஃபோன் தேறவில்லை. ஆனால் அது தேறவில்லை என்பது எப்படித் தெரிந்தது? ஹசானி அதைக் கட்டினார், நெதர்லாந்து ராணுவத்தின் வெடிபொருள் பிரிவோடு சோதித்தார், நிபுணர்கள் பார்த்துக் குறை சொல்லத் தக்க பொருளாக வெளியே வைத்தார் என்பதால்தான். கணினியில் வரைந்த அழகான படத்தை யாராலும் மறுக்க முடியாது; அது எல்லாக் காலத்திலும் சரியாகவே இருக்கும். ஹசானியும் உருண்டையோடு நின்றுவிடவில்லை; நிலத்தை ஒழுங்காக வரிசை வரிசையாகப் பார்க்கும் டிரோனுக்கு நகர்ந்து, 2016-இல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டினார். என் குறை மாணவர்மேல் அல்ல, கொண்டாடிய விதத்தின்மேல். ஒரு மேடையில் உருண்டையின் படத்தை வைத்தவர்கள், சோதனையில் என்ன நடந்தது என்ற காகிதத்தையும் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு முணுமுணுப்பும் உண்டு: இதெல்லாம் லண்டன், நியூயார்க் கல்லூரிகளில் பணத்தோடு படிப்பவர்கள் விளையாட்டு. கட்டணத்தைப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. வேலைகளைப் பார்த்தால் அவ்வளவு இல்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் லூசி ஹியூஸ் இறுதியாண்டில் எடுத்துக்கொண்டது மீன் வெட்டும் ஆலையின் கழிவு. தோலும் செதிலும் சிவப்புக் கடற்பாசியும் சேர்த்து, மண்ணில் மட்கும் மெல்லிய ஏடு ஒன்றைச் செய்ய நூறுக்கும் மேற்பட்ட தடவை கலந்து பார்த்தார்; பெரும்பகுதி மாணவர் விடுதி அடுப்பில். மரினாடெக்ஸ் என்ற அந்த ஏடு 2019-இல் ஜேம்ஸ் டைசன் விருதைப் பெற்றது. அடுத்த ஆண்டு அதே விருதின் சூழலியல் பிரிவில் வென்றவர் மணிலாவின் மாப்புவா பல்கலைக்கழக மாணவர் கார்வி எஹ்ரன் மைகே. வீணாகும் காய்கனிகளிலிருந்து எடுத்த துகள்களைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை மின்சாரமாக்கும் பலகை அவருடையது. 2018-இல் இதே போட்டியில் ஒருமுறை தோற்றுவிட்டு, திருத்திக்கொண்டு வந்தார். கூடவே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பிளாஸ்டிக் ஒழிந்தது, சூரியத் தகடு பழசாகிவிட்டது என்றெல்லாம் அப்போது வந்த தலைப்புகளை இந்த இருவர் தலையில் கட்டுவது அநியாயம்.

இந்தியாவில் வடிவமைப்புக் கல்வியின் தொடக்கத்தை நினைத்தால் நாம் இந்த விவாதத்துக்குப் புதியவர்கள் இல்லை. சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. நாடு முழுக்கச் சுற்றிய அந்த அமெரிக்கர்கள் அறிக்கையில் நின்று வியந்தது கோயிலையோ கோட்டையையோ பார்த்து அல்ல, நம் தண்ணீர்ச் செம்பைப் பார்த்து. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், ஊற்றும்போது எப்படிச் சாயும், இடுப்பிலா தலையிலா எங்கே சுமப்பார்கள், கையால் துலக்க முடியுமா, விலை என்ன, பழசானால் உலோகத்தை விற்கலாமா என்று அதைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். இன்று அந்தக் கல்லூரி உட்படப் பல இடங்களில் டிப்ளமோ ப்ராஜெக்ட் பெரும்பாலும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் தேவையையொட்டி, அங்கேயே உட்கார்ந்து செய்யும் வேலை. மாணவருக்கு உதவித்தொகை கிடைக்கிறது, பிறகு வேலையும் கிடைக்கலாம். கல்விக்கடன் வாங்கிப் படிப்பவரிடம் இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டுவதில் என்ன தவறு என்று ஆராய எந்த மருந்துக் கம்பெனியும் ஒரு மாணவரை அனுப்பப்போவதில்லை. அந்த வேலைக்கான சில மாத உதவித்தொகையைக் கல்லூரிதான் கொடுக்க வேண்டும்; கொடுத்துவிட்டு, வைவாவில் 'இதை யார் வாங்குவார்கள்' என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளவும் வேண்டும்.