பெருந்தமனிச் சுவரில் பதுங்கும் தொற்று

இதயத்திலிருந்து புறப்பட்டு நெஞ்சு, வயிறு வழியாக இறங்கும் பெருந்தமனியின் உட்சுவர் வழவழப்பாகவும் அதில் ஓடும் ரத்தம் வேகமாகவும் இருப்பதால், நலமாக உள்ளவரிடம் கிருமிகள் அங்கே ஒட்டிக்கொள்வது அரிது. ஆனால் முதுமை, புகைப்பழக்கம், சர்க்கரை நோய் ஆகியவற்றால் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து சுவர் கரடுமுரடாகிவிட்டால், ரத்தத்தில் கலந்த பாக்டீரியா அந்தப் படிவில் தங்கிச் சுவரை அரிக்க, ரத்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் அவ்விடம் ஒரு பக்கமாகப் பைபோலப் புடைக்கிறது. 1885-இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் விவரித்த இந்தத் தொற்று வீக்கம், ரத்தத் தொற்றின் விளைவாகத் தோன்றிப் பிறகு அதற்கே ஊற்றாகிவிடுகிறது; சுவரிலிருந்து கிருமிகள் ஓயாமல் ரத்தத்தில் உதிர்வதால், மருந்துக்கு அடங்கிய காய்ச்சல் சில நாளில் திரும்புகிறது.

முதுகுவலியோ வயிற்றுவலியோ சேர்ந்த காய்ச்சலில், கைச் சிரையிலிருந்து எடுத்துச் சத்துநீர்ப் புட்டியில் ஊற்றி உடல் வெப்பத்தில் வைக்கப்படும் ரத்தத்தில் தகுந்த மருந்து தொடங்கிய பின்னும் அதே கிருமி மீண்டும் மீண்டும் வளர்ந்து, எக்கோ பரிசோதனையில் இதய வால்வுகளும் பழுதின்றித் தெரிந்தால், பெருந்தமனியை சி.டி. ஆஞ்சியோகிராமில் பார்த்துவிடுவதே முறை. வெடித்துவிட்டால் உயிர் பிழைப்பது கடினம் என்பதால் இதில் தாமதம் கூடாது.

ஸ்டஃபிலோகாக்கஸ், சால்மோனெல்லா ஆகிய பாக்டீரியாக்களே இந்தத் தொற்று வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம். எனினும், பவானி நீர் பாயும் கோபிச்செட்டிபாளையம் போன்ற நெல் வட்டாரங்களைக் கொண்ட கொங்கு நாட்டில் மருத்துவர்கள் மறக்கக் கூடாத இன்னொரு நோய், ஆல்பிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் 1911-இல் ரங்கூனில் கண்டறிந்த மெலியாய்டோசிஸ். வெப்பநாடுகளின் ஈர மண்ணில் வாழும் இதன் கிருமி, வெறுங்காலுடன் சேற்றில் நடவு செய்வோரின் பாதவெடிப்பு வழியாக நுழையக்கூடியது. சர்க்கரை நோயாளிகளை எளிதில் தாக்கும் இது, அரிதாகப் பெருந்தமனியிலும் குடியேறுகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மெலியாய்டோசிஸ் நோயாளிகள் பலரைப் பதிவுசெய்திருக்கிறது. ஆய்வகத்தில் இக்கிருமி சூடோமோனாஸ் என்று தவறாக அடையாளம் காணப்படுவதுண்டு. ஆகவே நோயாளி வயல்வேலை செய்பவர் என்ற செய்தி, ரத்தப் புட்டியோடு ஆய்வகத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. அழுகிய சுவரை வெட்டியெடுத்து மாற்றுக்குழாய் பொருத்துகிறார்கள், அல்லது அறுவையைத் தாங்காதவருக்குத் தொடைத் தமனி வழியே உறைக்குழாய் செலுத்துகிறார்கள். மெலியாய்டோசிஸுக்கு செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி வாரக்கணக்கிலும், பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரை மாதக்கணக்கிலும் தொடர்கின்றன. செயற்கைக்குழாய் உடலில் இருப்பவர் சிலருக்கு அம்மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகிறது.