மூடுவதற்கு மூன்று, திறப்பதற்கு ஒன்று

திருவனந்தபுரம் மாவட்டத்தின் காஞ்சிரங்குளம், பாறசாலைப் பக்கத்து முறுக்கான் கடையில் வெற்றிலையும் பாக்கும் வாங்கி வாயில் அடக்கிக்கொண்டவரைக் கவனியுங்கள். மென்று முடிக்கும்வரை காதுக்கு முன்னால் கன்னம் புடைத்துப் புடைத்து அடங்கும். அந்த இடத்தில் விரலை வைத்துப் பல்லைக் கடித்தால் இறுகி எழுவது மாசெட்டர் தசை. கன்ன எலும்பில் தொடங்கி, கீழ்த்தாடைக் கோணத்தின் வெளிப்பக்கத்தில் பிடித்திருக்கும். இதற்கு இரண்டு அடுக்கு என்றே பெரும்பாலான பாடநூல்கள் சொல்லிவந்தன. 2021-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆழத்தில் மூன்றாவது அடுக்கை விவரித்தார்கள். இத்தனை நூற்றாண்டு அறுத்துப் பார்த்த உடம்பிலும் மிச்சம் இருக்கிறது!

கீழ்த்தாடை பிறக்கும்போது இரண்டு பாதி. ஒரு வயதையொட்டி ஒரே எலும்பாகிவிடும். பின்பக்கம் மேலேறும் இரு கிளைகளும் தலைப்பில் இரண்டாகப் பிரியும். பின்முனை மண்டையோட்டோடு மூட்டாகும். முன்முனையில் பொட்டிலிருந்து இறங்கும் டெம்போரலிஸ் தசை பிடித்திருக்கும். மாசெட்டருக்கு நேர் உள்பக்கம் உள் டெரிகாய்டு. இம்மூன்றும் வாயை மூடத்தான். திறப்பதில் பெரும்பங்கு வெளி டெரிகாய்டுக்கு. பின்முனையின் கழுத்தைப் பிடித்து முன்னால் இழுக்கும். மோவாய்க்கு அடியிலுள்ள சிறுதசைகள் ஒத்தாசை செய்யும். பெரிய கொட்டாவியில் பின்முனை எல்லை மீறி நழுவினால், மூடும் தசைகளே அதை அங்கேயே இறுக்கிவிடும். மருத்துவர் கடைவாய்ப் பற்களைக் கட்டைவிரலால் அழுத்தி, பின்னுக்குத் தள்ளித்தான் வாயை மூடவைப்பார்.

முறுக்கான் வாய்க்குச் செய்வது வேறு கதை. எலும்புக்கும் தசைக்கும் முதலில் ஒன்றும் ஆகாது. பாக்கிலுள்ள அரிகோலின், கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் கொலாஜனைச் சேர்த்துக்கொண்டே போகும். சவ்வு வெளுக்கும், காரம் பட்டால் எரியும், நாளாக ஆக வார் போல விறைக்கும். வெளி டெரிகாய்டு எவ்வளவு இழுத்தும் பயனில்லை. உங்கள் மூன்று விரல்களை அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடியவில்லையென்றால் காட்டிவிடுவது நல்லது. மரச்சீனியைக்கூட மசித்துத் தின்னும் நிலை வரை விடுகிறவர்கள் உண்டு. புகையிலை சேர்க்காத பாக்கு ஒன்றும் செய்யாது என்பது கடைவாசல் பேச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையே புற்றுநோய்க் காரணியாக 2004-இல் அறிவித்துவிட்டது.

இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளை எடுத்துக்கொண்டு 1996-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழப் பாதி ஊராட்சிகளில் மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால் வாய்க்குள் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கமுள்ளோரிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. எளிய பரிசோதனைதான். ஆனால் ஒரு விரல் அளவே வாய் திறப்பவரின் கடைவாய்க்குப் பின்னால் பணியாளருக்கு எதுவும் தெரியாது. அவரை நேராகப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டியதுதான்.