வாடிக்கையாளருக்கு வரைந்ததைப் படைப்புத் தொகுப்பில் காட்டலாமா? சட்டம் கூறுவது என்ன?

நிறுவனம் சாராமல் தனித்துத் தொழில் செய்யும் வரைகலைக் கலைஞர்களுக்கு வேலை பெற்றுத் தருவது 'போர்ட்ஃபோலியோ' எனப்படும் படைப்புத் தொகுப்பாகும். அதில் இடம்பெறும் ஒவ்வொரு படைப்பின் உரிமையும் யாரிடம் உள்ளது என்பதை அவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவின்படி, படைப்பின் முதல் உரிமையாளர் அதை உருவாக்கியவரே. எனினும், பணியாளராக இருந்து உருவாக்கியவை, மாறான ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், நிறுவனத்துக்கே உரியவை. அதேபோல, கட்டணம் பெற்று வரைந்த ஓவியம், உருவப்படம் ஆகியவற்றுக்கு அவற்றை வரையச் சொன்னவரே உரிமையாளர். இலச்சினை போன்ற பிற வடிவமைப்புகளின் உரிமை, எழுத்துபூர்வமாக மாற்றித் தரப்படும் வரை கலைஞரிடமே இருக்கும். உரிமை மாற்ற ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால், அது 5 ஆண்டுகள் எனக் கருதப்படும்.

உரிமையை விற்ற பின்னரும், 'இதைப் படைத்தவர் நானே' எனக் கோரும் உரிமையை 57-ஆவது பிரிவு அளிக்கிறது. ஆனால், அது படைப்பை மீண்டும் வெளியிடும் உரிமை ஆகாது. எனவே, தொகுப்பில் காட்சிப்படுத்த அனுமதிக்கும் ஒரு வரியைப் பணி தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் சேர்ப்பது பாதுகாப்பானது.

வாடிக்கையாளர்கள் இல்லாத புதியவர்கள், கற்பனை நிறுவனங்களுக்காக வடிவமைத்தவற்றை 'பயிற்சிப் படைப்பு' எனக் குறிப்பிட்டுத் தொகுப்பில் சேர்க்கலாம்.